போனில் மழை, மலையில் பனி: வாசகர் கேள்வி–பதில்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் முக்கால்வாசி பனியைப் பற்றித்தான். குடியரசு தினத்தையொட்டி லீவு சேர்ந்து வருகிறது, பிள்ளைகள் அரித்தெடுக்கிறார்கள், புரிகிறது. லோதி சாலை வானிலை அலுவலகத்தில் வரைபடங்களோடு காலம் தள்ளிவிட்டு ஓய்வு பெற்றவள், போதாக்குறைக்கு உத்தராகண்டின் அவுலியில் பனிச்சறுக்கப் பழகி விழுந்து எழுந்தவள் என்பதால், ஆசிரியர் எல்லாவற்றையும் என் தலையில் கட்டிவிட்டார். சரி, ஆரம்பிப்போம்.

மேடம், 24-ம் தேதி அவுலி போவதாக இருக்கிறோம். போனில் ஜோஷிமட் என்று போட்டுப் பார்த்தால் சனிக்கிழமை 5 டிகிரி, மழை என்று காட்டுகிறது. மழையில் போய் என்ன செய்வது? ரத்து செய்துவிடலாமா?
— வாசகி, மயூர் விகார் ஃபேஸ் 1

அவசரப்படாதீர்கள். உங்கள் போன் பொய் சொல்லவில்லை. நீங்கள் கேட்ட ஊருக்குப் பதில் சொல்கிறது, அவ்வளவுதான். நீங்கள் சறுக்கப் போகிற இடம் அந்த ஊர் இல்லை.

ஜோஷிமட் (இப்போது அரசு ஏட்டில் ஜோதிர்மட்) கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,900 மீட்டரில் இருக்கிறது. அவுலியின் சரிவுகளோ சுமார் 2,500 மீட்டரில் தொடங்கி 3,000 மீட்டர் வரை போகின்றன. ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். மேகமும் ஈரமுமாக இருக்கிற நாளில் இந்தக் குறைவு கொஞ்சம் மட்டுப்படும், ஐந்தரை, ஆறு என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது கணக்குப் போடுங்கள். கீழே 5 டிகிரி என்றால் சரிவின் உச்சியில் மைனஸ் ஒன்று, மைனஸ் ஒன்றரை. அங்கே சந்தேகமே இல்லாமல் பனிதான் விழும். சரிவின் அடிப்பகுதியில் ஒன்றரை டிகிரி போல இருக்கும். அதுவும் மழை இல்லை. பனித்துகள் பூஜ்யம் டிகிரி கோட்டைத் தாண்டியதுமே கரைந்துவிடாது. இன்னும் 200, 300 மீட்டர் கீழே வரை உருகாமல் வந்து சேரும். ஆனால் அடிப்பகுதியில் விழுவது நசநசவென்று ஈரமாக இருக்கும், கையுறை ஒரு மணி நேரத்தில் நனைந்துவிடும்.

ஆப்பில் 'அவுலி' என்றே போட்டால் போதுமே என்பீர்கள். போட்டுப் பாருங்கள், ஆனால் அது எந்த உயரத்துக்குச் சொல்கிறது என்று தேடுங்கள். கணினி மாதிரிகள் பூமியைச் சதுரம் சதுரமாக வெட்டிக் கணக்கிடுகின்றன. நல்ல மாதிரி என்றாலே ஒரு சதுரத்தின் பக்கம் 9 கிலோமீட்டர். ஜோஷிமட்டைச் சுற்றி அந்த 9 கிலோமீட்டருக்குள் ஆற்றுப் பள்ளமும் இருக்கிறது, பனி மூடிய முகடும் இருக்கிறது. எல்லாவற்றையும் சராசரி எடுத்து ஓர் உயரம் வைத்துக்கொள்ளும். அந்த உயரத்தில் ஒருவேளை யாருமே குடியிருக்க மாட்டார்கள்! சில ஆப்களில் 'ஃப்ரீஸிங் லெவல்' என்று ஒரு வரி இருக்கும், வெப்பம் பூஜ்யம் டிகிரியைத் தொடுகிற உயரம் அது. என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும் மூடி வைத்துவிட்டு அந்த ஒரு வரியைப் பார்க்கலாம். அது 2,200 மீட்டர் என்றால் அவுலி முழுக்கப் பனி. 3,200 என்றால் குடை எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஜோஷிமட்டிலிருந்து அவுலிக்குப் போகும் ரோப்வே, 2023 ஜனவரியில் அந்த ஊரில் நிலம் தாழ்ந்து வீடுகள் விரிசல் விட்டபோது நிறுத்தப்பட்டது. அதை நம்பித் திட்டம் போட வேண்டாம். சாலை வழியாகத்தான் ஏற வேண்டும். பனி கனமாக விழுந்தால் கடைசிச் சில கிலோமீட்டரில் சக்கரத்துக்குச் சங்கிலி கட்டிய ஜீப் மட்டுமே போகும். தில்லியிலிருந்து உங்கள் காரையே ஓட்டிக்கொண்டு போகிற எண்ணம் இருந்தால் அதை மட்டும் ரத்து செய்யுங்கள்.

ஒரு ஆப் 12 மி.மீ. என்கிறது. இன்னொன்று அதே நாளுக்கு 15 செ.மீ. என்கிறது. எது சரி?
— வாசகர், முனிர்கா

இரண்டும் சரியாக இருக்கலாம். மில்லிமீட்டரில் சொல்வது தண்ணீர்க் கணக்கு, விழுந்த பனியை உருக்கினால் வருகிற தண்ணீர். சென்டிமீட்டரில் சொல்வது தரையில் நிற்கும் பனியின் உயரம். பொதுவாக ஒரு மில்லிமீட்டர் தண்ணீருக்கு ஒரு சென்டிமீட்டர் பனி என்பார்கள். ஆனால் குளிர் கடுமையாக இருந்தால் பனி பஞ்சாக விழும், அதே 12 மி.மீ. 15, 18 செ.மீ. உயரம் நிற்கும். பூஜ்யத்தை ஒட்டி விழுந்தால் 7, 8 செ.மீ. தேறினாலே அதிகம்.

புதுப் பனியின் அளவைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். நேற்று விழுந்த 30 செ.மீ. இரண்டு மூன்று நாளில் தன் எடையிலேயே அமுங்கி 20-க்கு வந்துவிடும். சறுக்குகிறவருக்கு முக்கியம், அடியில் ஏற்கெனவே எவ்வளவு கெட்டியாகப் படிந்திருக்கிறது என்பதுதான். அவுலி புல்வெளிச் சரிவு. அமுங்கிய பனி அரை மீட்டர் இருந்தாலே நன்றாகச் சறுக்கலாம். காஷ்மீரில் குல்மார்க்கின் அபர்வத் உச்சி பாறைக் காடு. அங்கே ஒன்றரை மீட்டர் படிந்தாலொழிய எனக்குத் துணிச்சல் வராது. ஆகவே விடுதிக்காரர் 'நேத்து ஒரு அடி விழுந்தது மேடம்' என்று சொன்னால், 'அதுக்கு முன்னாடி எவ்வளவு இருந்தது?' என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் வரும் வேகத்திலேயே விஷயம் தெரிந்துவிடும்.

26-ம் தேதிக்கு இப்போதே பனித்துகள் படம் காட்டுகிறதே, இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது. நம்பி டிக்கெட் எடுக்கலாமா?
— கல்லூரி மாணவர், ஜனக்புரி

அந்தப் படம் ராசிபலன். படித்துச் சந்தோஷப்படலாம், டிக்கெட் எடுக்க முடியாது.

ஏன் என்று சொல்கிறேன். நம் வட இந்திய மலைகளில் குளிர்காலப் பனியைக் கொண்டு வருவது மேற்கத்திய இடையூறுதான். இந்திச் சேனலில் மூச்சுக்கு மூச்சு 'பஷ்சிமி விக்ஷோப்' என்கிறார்களே, அதேதான். ஒரு காற்றழுத்தத் தாழ்வு மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகி, மேலடுக்கில் வேகமாக ஓடும் மேற்குக் காற்றில் ஏறி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் தாண்டி வந்து இமயமலையில் மோதும். வழியில் அரபிக் கடலின் ஈரமும் கிடைத்துவிட்டால் கொண்டாட்டம். மலை அந்தக் காற்றை மேலே தள்ள, அது குளிர்ந்து பனியாகக் கொட்டுகிறது. டிசம்பரிலிருந்து மார்ச் வரை மாதத்துக்கு நான்கைந்து வரும். ஆனால் எல்லாம் ஒன்றில்லை. சிலது வாசல் வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டு லடாக் பக்கம் போய்விடும்; நமக்கு மேகம் மட்டும் மிச்சம்.

அது கிளம்பி வருவது ஐந்தாறு நாள் முன்னாலேயே தெரியும். எவ்வளவு பலம், எந்தப் பள்ளத்தாக்கில் கொட்டும் என்பது மூன்று நாளுக்குள் வந்தால்தான் ஓரளவு நிச்சயம். பதினைந்தாம் நாளுக்கு உரிய இடையூறு இன்னும் பிறக்கவே இல்லை! லீவு தேதி மாற்ற முடியாது என்றால், பணம் திரும்பக் கிடைக்கிற டிக்கெட்டாக எடுத்து வையுங்கள். 21-ம் தேதி உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். சிம்லா, ஸ்ரீநகர், டேராடூன் மூன்று இடத்திலும் வானிலை மையங்கள் இருக்கின்றன. தினமும் அறிக்கை போடுகிறார்கள், இலவசம். என் பழைய அலுவலகம் என்பதால் சொல்லவில்லை. அந்த மலையை வருஷம் பூராவும் பார்த்துக்கொண்டிருக்கிற மனிதர்கள் எழுதுவது அது.

சகோதரிக்கு வணக்கம். தில்லியில் தூறல் போட்டால் மலையில் பனி என்று எங்கள் பழைய ஆபீஸ் பஞ்சாபி நண்பர்கள் சொல்வார்கள். இதில் உண்மை உண்டா?
— பெரியவர், கரோல்பாக்

உண்டு ஐயா, நல்ல உண்மை. ஜனவரியில் தில்லியில் மழை பெய்கிறதென்றால் அநேகமாக அதே இடையூறின் தென் வால்தான் நம் தலைக்கு மேல் போய்க்கொண்டிருக்கிறது. தலை மலையில் இருக்கும்.

ஆப் எதுவும் இல்லாமல் பால்கனியிலிருந்தே பார்க்கலாம். இரண்டு மூன்று நாளாக ரஜாய்க்குள் நடுங்கிக்கொண்டிருந்தவர்களுக்குத் திடீரென்று ஒரு ராத்திரி அவ்வளவு குளிரவில்லை என்று தோன்றும். வடமேற்கிலிருந்து முகத்தில் அறைந்த காற்று நின்று, கிழக்கே தென்கிழக்கே திரும்பியிருக்கும். மேலே மெல்லிய மேகம் பரவும், மேகம் போர்வையாக இருப்பதால் இரவு வெப்பம் ஏறும். இடையூறு நெருங்குகிறது என்று அர்த்தம். அப்புறம் தூறல். அடுத்த நாள் வானம் வெளுத்து, பனி மலையிலிருந்து சில்லென்ற காற்று இறங்கும். குறைந்தபட்ச வெப்பம் சரிந்து விழும். காற்றும் அடங்கிவிட்டால், தரையில் கிடக்கிற ஈரத்துக்கு மூடுபனி பிடித்துக்கொள்ளும். எங்கள் ஆர்.கே.புரம் மாடியிலிருந்து மலைமந்திர் கோபுரம் தெரியாத காலையில்தான் பெரும்பாலும் அவுலியில் கண்ணைப் பறிக்கிற வெயில் அடிக்கும். புதுப் பனி, நீல வானம், காற்றில்லை. சறுக்க அதைவிட நல்ல நாள் கிடையாது.

வேடிக்கை என்னவென்றால், அந்த நாளில்தான் தில்லி விமான நிலையத்தில் விமானம் ஒன்றும் நேரத்துக்குக் கிளம்பாது.

இரண்டு பிள்ளைகள் (12, 8 வயது), மாமியார், நாங்கள் இருவர். குல்மார்க் போகலாமா, மணாலியே போதுமா? எந்த மாதம்? மாமியார் சறுக்க மாட்டார், பார்க்க மட்டும்.
— வாசகி, துவாரகா

உங்கள் மாமியாரைக் கேட்டீர்களா, சறுக்க மாட்டாரா என்று? சரி, விளையாட்டுக்கு.

பிள்ளைகள் பனியில் உருண்டு புரண்டு, பொம்மை செய்து, ஒரு மணி நேரம் பலகையைக் காலில் மாட்டிப் படம் எடுத்துக்கொண்டால் போதும் என்றால் மணாலிக்கு மேலே சோலாங் போதும். ஏறக்குறைய 2,500 மீட்டர். ஜனவரி பிற்பாதியிலிருந்து பிப்ரவரி வரை பனி இருக்க வாய்ப்பு நன்றாக உண்டு. அங்கே இல்லையென்றால் 2020-ல் திறந்த அடல் சுரங்கப்பாதை வழியாக மறுபக்கம் சிஸ்ஸு போய்விடலாம், சுரங்கம் 9 கிலோமீட்டர்தான். வெளியே வந்ததும் வேறு உலகம். ஆனால் கனமாக விழுந்த அன்று சுற்றுலா வண்டிகளை சோலாங்குக்கு முன்னாலேயே நிறுத்திவிடுவார்கள். வண்டி வரிசையில் ஆறு மணி நேரம் குழந்தைகளோடு உட்கார்ந்தவர்களை எனக்குத் தெரியும், அதை நினைத்து இருட்டுவதற்கு முன்பே இறங்கிவிடுங்கள்.

பிள்ளைகள் உண்மையிலேயே சறுக்கக் கற்க வேண்டும் என்றால் குல்மார்க். ஊரே 2,650 மீட்டரில் இருக்கிறது, சுற்றிலும் சாய்வு குறைந்த மேடுகள். தொடக்கக்காரர்களுக்கு அதுதான் சொர்க்கம். கொண்டோலா, அதாவது கேபிள் கார், இரண்டு கட்டம். முதல் கட்டம் கொங்தூரி வரை, சுமார் 3,050 மீட்டர். இரண்டாவது அபர்வத் தோள் வரை, கிட்டத்தட்ட 3,950 மீட்டர். மாமியாரை முதல் கட்டத்தோடு நிறுத்துங்கள். இரண்டாம் கட்டத்தில் ஊரைவிட எட்டு டிகிரி குளிர் கூடுதல், அதற்கு மேல் காற்று, மூச்சும் வாங்கும். காற்று பலமாக அடித்தாலும், பனிச்சரிவு அபாயம் இருந்தாலும் அந்தக் கட்டத்தை மூடிவிடுவார்கள். ஆகவே மேல் கட்டத்துக்கு முதல் நாளே திட்டம் வையுங்கள். மூடியிருந்தால் மறுநாள் இருக்கிறது. கடைசி நாளுக்கு என்று ஒத்திப்போட்டவர்கள் பாதிப் பேர் பார்க்காமலே திரும்புகிறார்கள்.

மாதம்? காஷ்மீரில் டிசம்பர் 21 முதல் நாற்பது நாள் 'சில்லை கலான்', கடுங்குளிர்காலம். அப்போது விழுகிற பனி உருகாமல் தங்கிப் படிந்துவிடும். அது முடிந்த பிறகு, பிப்ரவரி முதல் இரண்டு வாரம், என் கணக்கில் குடும்பத்துக்குச் சரியான நேரம். அடியில் கெட்டிப் பனி இருக்கும், பகலும் கொஞ்சம் நீளம். பள்ளிக்கூட லீவு அப்போது கிடையாதே என்பீர்கள். எட்டு வயதுக்காரனுக்கு நாலு நாள் லீவு போட்டால் ஒன்றும் குடி முழுகிவிடாது. பெரியவனுக்கு உங்கள் இஷ்டம்.

ஸ்ரீநகரிலிருந்து குல்மார்க் ஐம்பது கிலோமீட்டர். தங்மார்க்கில் வண்டி மாற்ற வேண்டியிருக்கும். அங்கிருந்து 13 கிலோமீட்டர் ஏற்றத்துக்குச் சங்கிலி கட்டிய வண்டி. உங்கள் தில்லி பிரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. ஒருவராவது போஸ்ட்பெய்டு வைத்திருங்கள். பனியில் விமானம் ரத்தானால் மாற்று வழி இப்போது உண்டு. 2025 ஜூனிலிருந்து கட்ரா–ஸ்ரீநகர் ரயில் ஓடுகிறது.

மகன் கொலராடோவில் இருக்கிறான். வாரக் கடைசியில் 'பேக்டு பவுடர் அம்மா, சூப்பர்' என்கிறான், இன்னொரு நாள் 'கிரஸ்ட், கடுப்பு' என்கிறான். மாவு, ரொட்டி என்று ஏதோ சமையல் போல இருக்கிறது. எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்களேன்.
— ஒரு தாய், குருகிராம்

'பவுடர்' என்றால் இப்போதுதான் விழுந்த, ஈரமில்லாத பனி. கையுறையில் ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பாருங்கள். கையைத் திறந்தால் உருண்டை நிற்காது, விரலிடுக்கில் உதிர்ந்து, ஊதினால் பறந்துவிடும். அதுதான் பவுடர். கடல் காற்று வந்து சேர்வதற்குள் காய்ந்துவிடுகிற உள்நாட்டு மலை என்பதால் உங்கள் மகன் ஊரில் அது அதிகம். அதே பிடி, உருண்டையாகி, பந்தாக எறியும்படி நின்றால் ஈரப் பனி. இறுக்கும்போது கையுறை நனைந்து தண்ணீர் சொட்டினால் 'ஸ்லஷ்', அதில் பலகை நகரவே நகராது, முழங்கால்தான் திருகும்.

பவுடரின் மேல் இயந்திரமும் ஆட்களும் போய்ப்போய் அமுங்கினால் 'பேக்டு பவுடர்'. பிடிமானமும் உண்டு, வழுக்கலும் உண்டு. கற்றுக்கொள்கிறவர்களுக்கு உத்தமம். பகலில் வெயிலில் மேல்பகுதி உருகி ராத்திரி உறைந்தால் மேலே ஒரு ஓடு கட்டிக்கொள்ளும், அது 'கிரஸ்ட்'. காலை வைத்தால் முதலில் தாங்கும், முழு எடையைப் போட்டதும் மடக்கென்று உடைந்து கால் உள்ளே போகும். உங்கள் மகன் கடுப்பானதில் நியாயம் இருக்கிறது. மார்ச்சில் இந்த ஓடு நாள்தோறும் உருகி உறைந்து ஜவ்வரிசி மணியாக மாறிவிடும், 'கார்ன்' என்பார்கள். காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை அதில் சறுக்குவது தனி சுகம். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தால் சேறு.

அங்கே பனியை அங்குலத்தில் சொல்வார்கள். அவன் பன்னிரண்டு என்றால் 30 செ.மீ. நீங்கள் பயப்படுகிற அளவு ஒன்றும் இல்லை.

நொய்டா மால் ஒன்றில் உள்ளே பனி வைத்திருக்கிறார்களாமே, அங்கே பழகிக்கொண்டு போகலாமா?
— வாசகர், நொய்டா

மே மாதத்தில் போங்கள், குளுகுளுவென்று இருக்கும்.

என் கணவர் வெளிநாட்டில் சறுக்கப் பழகியவர். நண்பர்களோடு அபர்வத்திலிருந்து தடம் இல்லாத பக்கமாக இறங்கப் போகிறேன் என்கிறார். 'புதுப் பனி விழுந்ததுமே போனால்தான் ருசி' என்கிறார். எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.
— வாசகி, வசந்த் குஞ்ஜ்

கலங்க வேண்டிய விஷயம்தான். இதை அவருக்கே படித்துக் காட்டுங்கள்.

2023 பிப்ரவரி 1 அன்று அபர்வத்தில் பனிச்சரிவில் போலந்துக்காரர்கள் இருவர் இறந்தார்கள். 2024 பிப்ரவரி 22 அன்று குல்மார்க்கிலேயே ரஷ்யர் ஒருவர். மூவரும் சறுக்க வந்தவர்கள். பனி அபாயமாக இருப்பது அவர் சொல்கிற அதே நேரத்தில்தான், கனமாக விழுகிறபோதும் அதற்கடுத்த ஒரு நாளும். பழைய பனிமேல் புதுப் பனி ஒட்டிக்கொள்ள நேரம் வேண்டும். ஒட்டுவதற்கு முன்னால் ஒரு மனிதன் குறுக்கே போனால் போதும், பனி பாளம் பாளமாகப் பெயர்ந்து வரும். இப்படிச் சிக்குகிறவர்களில் பெரும்பாலோர் தாங்களோ தங்கள் கூட்டத்தில் ஒருவரோ கிளப்பிவிட்ட சரிவில்தான் சிக்குகிறார்கள். 30 டிகிரியிலிருந்து 45 டிகிரி வரை சாய்ந்த இடங்களே மோசம். ஆசையாகச் சறுக்கத் தோன்றுகிற சாய்வும் அதுவே.

ஜனவரியில் நீண்ட வறட்சி இருந்து, பிறகு ஒரேயடியாகக் கொட்டினால் இன்னும் மோசம். வெறும் குளிரில் கிடந்த மெல்லிய பழைய பனி சர்க்கரை மணியாக உதிர்ந்து போயிருக்கும். அதன் மேல் ஒரு மீட்டர் பாரம் உட்கார்ந்தால் எது தாங்கும்? முன்னறிவிப்பில் நான் முதலில் பார்ப்பது விழப் போகிற அளவை இல்லை, அதற்கு முன்னால் எத்தனை நாள் விழாமல் இருந்தது என்பதைத்தான்.

போகத்தான் போவார் என்றால், சண்டிகரில் இருக்கிற பாதுகாப்புத் துறையின் டி.ஜி.ஆர்.இ. ஆய்வு நிறுவனம் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது, அதைப் பார்க்க வேண்டும். குல்மார்க்கில் பனிக் காவல் குழு இருக்கிறது; அவர்கள் சோதித்துத் திறக்காத பக்கம் போகக் கூடாது. அபாயம் ஐந்துக்கு மூன்று என்று போட்டிருந்தால் 'நடுத்தரம்தானே' என்று கிளம்பிவிடுகிறார்கள். உலகம் முழுக்கப் பல மரணங்கள் அந்த மூன்றாம் எண்ணில்தான். கூட்டத்தில் ஒவ்வொருவரிடமும் பீக்கன் (புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டும் ரேடியோக் கருவி), மடக்கு மண்வெட்டி, பனிக்குள் குத்தித் தேடும் குத்துக்கோல் மூன்றும் இருக்க வேண்டும். உபயோகிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். புதைந்தவரைக் கால் மணிக்குள் எடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு, அரை மணி தாண்டினால் நிலைமை தலைகீழ். வெளியிலிருந்து உதவி கால் மணியில் வந்து சேராது. பக்கத்தில் நிற்கிறவர்தான் தோண்ட வேண்டும். உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் அனுப்பாதீர்கள். சண்டை போட்டாலும் பரவாயில்லை.

ஜனவரியில் பனியே இல்லை என்று வருஷா வருஷம் செய்தி வருகிறதே. இனி பனிச்சறுக்கே இருக்காதா?
— வாசகர், ரோகிணி

இருக்கும். நாட்காட்டிதான் தடுமாறுகிறது. 2024 ஜனவரியில் குல்மார்க் பழுப்புப் புல்லாகக் கிடந்தது. அந்த மாதக் கடைசியில்தான் பனி வந்தது. 2025-ல் கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகளின் பனி விளையாட்டுகள் பிப்ரவரியில் நடப்பதாக இருந்து, பனி போதாமல் தள்ளிவைத்து மார்ச்சில் நடந்தன. அவுலியில் 2011 தெற்காசியக் குளிர்காலப் போட்டிக்காகச் செயற்கைப் பனி இயந்திரங்களும் ஏரியும் ஏற்பாடு செய்தார்கள். ஆனால் இயந்திரத்துக்கும் குளிர் வேண்டுமே! மைனஸ் இரண்டு, மூன்றாவது இருந்தால்தான் தெளிக்கிற தண்ணீர் பனியாகும். குளிரில்லாத வருஷம் இயந்திரமும் கை விரிக்கும். ஆகவே புத்தாண்டுக்கு என்று அடம் பிடிக்காதீர்கள். பிப்ரவரிக்கு நகர்த்துங்கள்.

சரோஜினி நகரில் ஸ்வெட்டர், மங்கி கேப், ஷால் எல்லாம் வாங்கியாகிவிட்டது. போதுமா?
— வாசகி, லட்சுமிபாய் நகர்

மாலை நடைக்குப் போதும். பனியில் கம்பளி ஸ்வெட்டரை வெளியே போட்டால் பனி அதில் ஒட்டி, உருகி, ஊறிவிடும். உள்ளே தெர்மல், நடுவில் உங்கள் ஸ்வெட்டர், வெளியே தண்ணீர் புகாத ஜாக்கெட், பேண்ட். வெளி உடுப்பையும் பூட்ஸையும் அங்கேயே வாடகைக்கு எடுக்கலாம். பருத்திக் காலுறை வேண்டவே வேண்டாம், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஷாலைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு சேர்லிஃப்டில் ஏறாதீர்கள், மாட்டிக்கொள்ளும்.

எல்லோரும் மறப்பது கறுப்புக் கண்ணாடி. ஆயிரம் மீட்டருக்குப் புற ஊதாக்கதிர் பத்து சதவீதம் போலக் கூடும்; புதுப் பனி அதில் எண்பது சதவீதம் வரை திருப்பி அடிக்கும். வெயில் கீழிருந்தும் வருவதால் மூக்கின் அடிப்பகுதி, மோவாய்க்குக் கீழே எல்லாம் கன்றிப் போகும். சன்ஸ்கிரீன் அங்கேயும் தடவுங்கள்.

எனக்கு 58 வயது. சிரிக்காதீர்கள், சறுக்கக் கற்றுக்கொள்ள ஆசை.
— வாசகி, லோதி காலனி

யார் சிரிப்பது? நானே வேலையை விட்ட பிறகுதான் காலை வைத்தேன். மூட்டு டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், அப்புறம் தயங்க வேண்டாம். அவுலியில் கர்வால் மண்டல் விகாஸ் நிகம் ஏழு நாள், பதினான்கு நாள் பயிற்சி நடத்துகிறது. குல்மார்க்கில் மத்திய அரசின் பனிச்சறுக்கு, மலையேற்ற நிறுவனம் இருக்கிறது. மணாலியிலும் மலையேற்ற நிறுவனம் பயிற்சி தருகிறது. வயது வரம்பை விண்ணப்பிக்கும்போதே கேளுங்கள். வரம்பு தாண்டினால் உள்ளூர்ப் பயிற்சியாளரைத் தனியாக அமர்த்திக்கொள்ளலாம்.

முதல் நாள் முழுக்க விழுவதும் எழுவதும்தான் பாடம். பிளாஸ்டிக் ஓடு போன்ற பூட்ஸின் கொக்கிகளைப் போட்டதும் கணுக்கால் இருப்பதே மறந்துபோகும். குதிகாலை முதலில் ஊன்றி ரோபோ மாதிரி நடக்க வேண்டியிருக்கும். பிறகு பலகைகளின் முன்முனைகளைச் சேர்த்து, பின்முனைகளை அகட்டி, முக்கோணமாக வைத்து நிறுத்தப் பழக்குவார்கள். அந்த நிறுத்தம் வராமல் எவ்வளவு கெஞ்சினாலும் மேலே ஏற்ற மாட்டார்கள், ஏற்றவும் கூடாது. விழும்போது பின்னால் சாயாமல் பக்கவாட்டில் விழுங்கள். கை ஊன்றாதீர்கள். பயிற்சியாளர் பையனுக்கு உங்கள் மகன் வயதில் பாதிதான் இருக்கும், 'மாதாஜி, குட்னா மோடோ' என்று கத்திக்கொண்டே இருப்பான். முழங்காலை மடக்குங்கள்.

பூட்ஸ் எடுக்கும்போது ஒரு சைஸ் பெரிதாகக் கொடுக்கப் பார்ப்பார்கள், வாங்காதீர்கள். நிமிர்ந்து நின்றால் கட்டைவிரல் முன்னால் லேசாக இடிக்க வேண்டும், முழங்காலை மடக்கினால் விலக வேண்டும். அதுதான் அளவு. ஒரு ஜோடி மெல்லிய நீளக் காலுறை தில்லியிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கேட்டால் கனத்த கம்பளிதான் கிடைக்கும், அதைப் போட்டால் இந்த அளவு எல்லாம் தப்பிவிடும்.